உடம்புக்கு ஒன்றுமில்லை

காப்பீடு விற்கிறவர்களின் முகம் எந்த இடத்தில் மாறும் என்பது ராதிகாவுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயசு என்றால் சிரிப்பார்கள். பெண் டிகிரி முடித்தவள் என்றால் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்றதும் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஆரணியில் இனிமேல் ஏறி இறங்க ஆபீஸ் பாக்கியில்லை.

செய்யார் கம்பெனியில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. சேர்ந்த அன்றே அம்மா தெய்வநாயகியையும் கம்பெனிக் காப்பீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். சர்க்கரையா உப்பா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பங்குனியில் ஆளைக் குறைத்தார்கள். வேலையோடு காப்பீடும் போயிற்று. அரசாங்க அட்டையாவது வாங்கலாம் என்று போனால், வருமானச் சான்றில் அவளுடைய பழைய சம்பளம் இன்னும் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. இப்போது வீட்டில் சம்பாதிக்கிறவள் அம்மா மட்டும்தான். அவளும் படுத்துவிட்டால்? அப்பா படுத்தபோது ஆஸ்பத்திரிக்காரன் குடியிருக்கிற வீட்டைக் கேட்காததுதான் குறை. அதை இன்னொரு தடவை பார்க்க ராதிகாவுக்குத் தெம்பு இல்லை.

கடைசியில் ஜெயக்குமார் என்கிற ஏஜெண்ட் ஒத்துக்கொண்டான். சர்க்கரையை மறைக்காமல் எழுதியே விண்ணப்பித்தாள்.

"கம்பெனி டாக்டர் போன் பண்ணுவாங்கம்மா. அம்மாகிட்ட நாலு கேள்வி கேப்பாங்க. அது ஓகேன்னா முடிஞ்சுது" என்றான்.

போன் வந்த நேரத்தில் ராதிகா கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தெய்வநாயகி தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"உன் டாக்டரம்மா பேசிச்சிடி. எல்லாத்தையும் நல்லபடியா சொல்லிட்டேன்."

"இன்னா சொன்ன?"

"உடம்புக்கு இன்னா இருக்குதுன்னு கேட்டுச்சு. ஒண்ணும் இல்லீங்க, கல்லு மாதிரி இருக்கேன்னேன். சர்க்கரை இருக்குதான்னுச்சு. இல்லவே இல்லன்னு அடிச்சு சொல்லிட்டேன்."

ராதிகா பையைத் தரையில் வைத்தாள்.

"தெனம் மாத்திரை முழுங்கறது யாரு, நானா?"

"மாத்திரை போட்டா சரியா இருக்குது. அப்புறம் அது இன்னா நோவு? நோவுன்னா வேலையை விட்டுட்டு படுத்துகினு கெடக்கறது."

பொய் சொன்னதாகவே அவள் நினைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்து, உடம்பை விசாரிக்கிற வெளியாள் முதலாளி ஒருவர்தான். தறியில் ஏற்றுகிற பட்டு நூல் பாவும் ஜரிகையும் கொடுத்து, சேலையாக நெய்து வாங்கிக்கொண்டு போகிறவர். ஒவ்வொரு பாவு கொடுக்கும்போதும் உடம்பு எப்படி என்று கேட்பார். அக்கறை ஒன்றுமில்லை, பாவு பாதியில் நின்றால் அவருக்குத்தான் நஷ்டம். முடியவில்லை என்று வாயைத் திறந்தால் அது அடுத்த தெருத் தறிக்குப் போய்விடும். காய்ச்சலில் பல் கிட்டினாலும் நல்லா இருக்கேன் என்றுதான் தெருவே சொல்லும். அதே பழக்கம் போனிலும் வந்துவிட்டது.

ஜெயக்குமாரிடம் சொன்னதும் அவன் துள்ளினான்.

"சூப்பர் வேலை பண்ணிட்டாங்க! அப்படியே விட்டுடும்மா, நாம எழுதினதை மாத்திக்கலாம். அஞ்சு வருஷம் ஓட்டிட்டா எவனும் கேக்க மாட்டான்."

"அதுக்குள்ள ஆஸ்பத்திரில சேத்து, மறைச்சிட்டீங்கன்னு பணம் தரலன்னா?"

"நல்லதையே நெனம்மா."

"நெனைக்கறதுக்கு இன்னாத்துக்குங்க பாலிசி? சும்மாவே நெனைச்சிக்குவேன். மறுபடி போன் போடச் சொல்லுங்க."

மறுநாள் காலை போன் வந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி தனசேகரனும் வந்து வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணியில் சுற்றிய புதுப் பாவு. "ஜல்தி ஏத்திடும்மா, கல்யாண ஆர்டர். உடம்பு நல்லாதானே இருக்குது?" என்று கேட்டு, "அதுக்கு இன்னாங்க" என்ற பதிலையும் வாங்கியாயிற்று.

அந்த வீட்டில் வாசலருகேதான் சிக்னல் கிடைக்கும். ராதிகா குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் அப்புறமா பேசலாங்களா?" என்றாள்.

"ரெண்டாவது தடவை பண்றோம் மேடம். இப்ப முடிக்கலன்னா ஃபைல் க்ளோஸ் ஆயிடும்."

ராதிகா பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. போனை அம்மா கையில் கொடுத்து, தானும் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, "உள்ளதைச் சொல்லும்மா" என்றாள். அந்தக் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

தெய்வநாயகி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள். "சர்க்கரை... இருக்குதுங்க."

"சத்தமா சொல்லுங்கம்மா. ரெக்கார்டுல விழல."

தனசேகரன் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்த விரலை நிறுத்தினார்.

"சர்க்கரை இருக்குதுங்க! ஆறு வருஷமா இருக்குது!" தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"பிரஷர்?"

"அதுவும் இருக்குது."

ராதிகா நிமிர்ந்தாள். அது அவளுக்குத் தெரியாது.

"எப்போலேர்ந்தும்மா?"

"இவ வேலைக்குப் போன நாள்லேர்ந்து. சாயந்தரமானா இடது காலு மரத்துப் போவுது. கண்ணுல பூச்சி பறக்குது. அதையும் எழுதிக்கோம்மா."

"கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"இப்பதான் கேக்கறீங்க. எல்லாத்தையும் ஒரேயடியா எழுதிக்குங்க, திரும்பத் திரும்பச் சொல்ல என்னால ஆவாது."

தனசேகரன் எழுந்து பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இது அவசரம்மா. நீ உடம்பைப் பாத்துக்கோ, அடுத்த தபா பாக்கலாம்." அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

ராதிகா போனை வாங்கி வைத்தாள். "பிரஷர் இருக்கறதை எங்கிட்டகூட சொல்லலியே?"

"சொல்லியிருந்தா நீ செய்யாருக்குப் போயிருப்பியா?"

அடுத்த வாரம் பதில் வந்தது. காப்பீடு உண்டு. பிரீமியம் ஒன்றரை மடங்கு. சர்க்கரை, பிரஷர், அவற்றால் வருகிற எதற்கும் மூன்று வருஷத்துக்குப் பணம் கிடையாது. முதலாளியின் பாவு அடுத்த தெருவில் ஏறிவிட்டது என்ற செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது.

"அப்போ எனக்கு இருக்கறதுக்குத் தர மாட்டான், இல்லாததுக்குத் தருவான்" என்றாள் தெய்வநாயகி, காலித் தறியைத் துடைத்துக்கொண்டே.

"ஆமாம்."

"சரி, கட்டு. இல்லாதது வர எம்மா நேரமாவும்?"

சேலையை மாற்றிக்கொண்டு, வேறு முதலாளியிடம் பாவு கேட்கப் புறப்பட்டாள். அவள் வாசல் படி இறங்கியதும் ராதிகா உள்ளேயிருந்து கத்தினாள்: "சர்க்கரை மாத்திரை போட்டியாம்மா?"

தெய்வநாயகி திரும்பி, பல்லைக் கடித்தாள்.

"மெதுவா பேசுடி. தெருவுல ஆளுங்க இருக்கறாங்க."