மாப்பிள்ளை இல்லாத சீதனம்

நான் வீட்ட விக்கப்போறன் எண்ட விசளம், வாயத் திறந்து அரை மணித்தியாலத்துக்குள்ள ஆரையம்பதி முழுக்கப் பரவிட்டு. கடைக்குப் போனா கடைக்காரன் கேக்கான், கோயிலுக்குப் போனா ஐயர் கேக்கார், "சுலோஜனா, மெய்யாகா?" "ஓம், மெய்தான்! என்ட வீடு, என்ட பேரில எழுதின உறுதி, என்ட மகள். உங்களுக்கு எங்க நோகுது?" எண்டு எல்லாருக்கும் ஒரே பதில்தான். கோபத்தில சொன்னனோ சந்தோசத்தில சொன்னனோ எனக்கே தெரியா. என்ட மகள் பட்டதாரி ஆகப்போறாள்!

எனக்கு ஒரே மகள், தனுஷா. ஏஎல் சோதினை நல்லாத்தான் எடுத்தாள். ஆனா கம்பஸுக்கு எடுபடுறது ஒரு மயிரிழையில தவறிட்டு. அவள் ஒரு நாள் அழுதாள், நான் ஒரு மாசம் அழுதன். மறுகா பார்த்தா, என்னட்ட ஒரு சொல்லுக் கேளாம பிரிட்ஜ், ஏசி திருத்திற கோர்ஸுக்குப் பெயர் குடுத்துட்டு வந்து நிக்காள். அந்த வகுப்பில பொம்பிளப்பிள்ளை எண்டு இவள் ஒருத்திதான். படிச்சு முடிச்சு, சேட்டிபிக்கட்டும் எடுத்து, காத்தான்குடியில அம்ஜத் தம்பிட கடையில வேலைக்கும் சேர்ந்துட்டாள். என்ட பிள்ளை களுசான் போட்டுக்கொண்டு ஏணியில நிக்க, ரோட்டால போற சனம் அண்ணாந்து பார்க்கும். எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னும். ஏசினா, "மற்ற ஆக்கள் காசு குடுத்துப் படிக்காங்க, நான் காசு வாங்கிக்கொண்டு படிக்கன்" எண்பாள். வாய்! என்ட வாய்தான் அப்பிடியே அவளுக்கும்.

எனக்கு ஏன் இந்தப் பட்ட விசர் எண்டு கேளுங்க. நான் பாலர் பள்ளியில பத்தொன்பது வருசமாப் படிப்பிக்கன். போன வருசம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. போய் முன் வரிசையில இருந்தன். ஒரு பொடியன் வந்து, "பட்டம் உள்ள டீச்சர்மார் முன்னுக்கு இருங்க, மற்ற ஆக்கள் பின்னுக்குப் போங்க" எண்டான். இவனுக்கே மூக்குத் துடைச்சு விட்டிருப்பன் போல கிடக்கு, அவ்வளவு சின்னப் பொடியன்! எழும்பிப் பின்னுக்குப் போனன். கண்ணில தண்ணி முட்டிட்டு. என்ட மகளை ஒருத்தனும் எழுப்பி விடப்படாது எண்டு அண்டைக்கே நினைச்சிட்டன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பிரைவேட் கம்பஸ்காரர் டவுனுக்கு வந்தாங்க, வாவிக் கரையில ஒரு ஹோட்டல் மண்டபத்தில. தேத்தண்ணியும் கேக்கும் குடுத்தாங்க, பைலும் குடுத்தாங்க. டை கட்டின ஒரு தம்பி, கொழும்பில மூண்டு வருசம், வெளிநாட்டுப் பட்டம், இருபத்தெட்டு இலட்சம் எண்டு தேனா ஊத்தினான். "படிச்சு முடிய வேலை நிச்சயமா தம்பி?" எண்டு கேட்டன். "வாய்ப்பு நிறைய இருக்கு அம்மா" எண்டான். தனுஷா என்ட காதுக்குள்ள, "வாய்ப்பு எண்டுதான் சொல்றார், வேலை எண்டு சொல்லல்ல" எண்டாள். அதோட விட்டாளா? "அண்ணா, நீங்க என்ன படிச்ச?" எண்டு அவனையே கேட்டாள். "இதே பட்டம்தான் தங்கச்சி." "படிச்சுப்போட்டு இதுக்கே ஆள் சேர்க்கிறீங்களா?" நான் நுள்ளின நுள்ளுக்கு அவள் துள்ளிட்டாள். ஆனா அந்தத் தம்பி கோவிக்கல்ல. "எனக்கு இந்த வேலை பிடிக்கும் தங்கச்சி, கேக்கிற எல்லாருக்கும் பிடிக்கும் எண்டு சொல்லமாட்டன்" எண்டான். நல்ல பிள்ளை. எனக்கு அவன் கட்டின டையும் பிடிச்சிட்டு, பேசின பேச்சும் பிடிச்சிட்டு.

இருபத்தெட்டு இலட்சத்துக்கு நான் எங்க போறது? எங்களிட்ட இருக்கிறது அந்த வீடு ஒண்டுதான். எங்கட பக்கத்தில வீடு பொம்பிளைக்குத்தான். என்ட அம்மா எனக்குத் தந்தா, நான் தனுஷாக்குக் குடுக்கோணும். மாப்பிள்ளை வாற அண்டைக்கு வீட்டக் குடுத்துட்டு, தாயும் தகப்பனும் வளவுக்குள்ள பின்னுக்கு ஒரு சின்னக் குடிலைப் போட்டுக்கொண்டு இருக்கிறது. என்ட மனிசன் ஜெயந்தனும் அப்பிடி வந்தவர்தான். இருபத்திரண்டு வருசமா இந்த வீட்டில இருக்கார், ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் என்னட்டக் கேட்டுட்டுத்தான் அடிப்பார். நான் போட்ட கணக்கு என்னெண்டா, பட்டம் இருந்தா வீடு இல்லாட்டியும் மாப்பிள்ளை வருவான். பட்டம்தான் இவளுக்குச் சீதனம்!

சுவிஸில இருந்து லீவில வந்து நிண்ட என்ட பெரியம்மாட மகன் வினாயகமூர்த்தி அண்ணன், "நானே வாங்கிறன்" எண்டு நிண்டார். வெள்ளிக்கிழமை உறுதி எழுத நாளும் குறிச்சாச்சு. நாள் குறிச்ச அண்டு பின்னேரம் ஜெயந்தன் கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு இருந்தவர் தலையை நிமிர்த்தாம, "பிள்ளையைக் கேட்டியா?" எண்டார். "அவளுக்கு என்ன தெரியும்!" எண்டன். அவர் மறுகா வலையைப் பொத்தத் தொடங்கினார்.

புதன்கிழமை கம்பஸ் விண்ணப்பத்தில அவள்ர கையெழுத்து வேணுமெண்டு தேடிப் போறன். கடையில இல்ல. "வாவிக்கரையில றஸீனா ராத்தாட இறால் வாடிக்குப் போயிரிக்கா" எண்டான் அம்ஜத் தம்பி. வாவியில பிடிக்கிற இறாலை எடுத்துக் கொழும்புக்கு அனுப்புற பொம்பிளை அந்த றஸீனா. என்ட மனிசன் பிடிக்கிறதும் அங்கதான் போறது. போய்ப் பார்த்தா வாடி வாசலில ஒரே சனம்! பெரிய பிரீசர் ஓடாம நிண்டுட்டு. ஒரு கிழமை இறால் உள்ள. ரெண்டு மெக்கானிக்மார் வந்து பார்த்து, "கொம்பிரசர் செத்துட்டு, புதுசு போடோணும்" எண்டு சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். மீன்காரர் எல்லாரும் முகம் செத்துப்போய் நிக்காங்க, என்ட மனிசனும்தான்.

என்ட மகள் எங்க? பிரீசருக்குப் பின்னால, தரையில கிடக்காள்! கால் ரெண்டும்தான் வெளியில தெரியுது. அந்தத் தரையில இறால் தண்ணி! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு காலில பிடிச்சு இழுத்திருப்பன். அதுக்குள்ள எழும்பி வந்தாள். கையில ஒரு சின்னச் சாமான், என்ட பெருவிரல் அளவு கூட இல்ல. "ராத்தா, கொம்பிரசருக்கு ஒண்டுமில்ல. அதைக் கிளப்பி விடுற இந்தச் சாமான்தான் எரிஞ்சிருக்கு" எண்டாள். பையில இருந்து புதுசு ஒண்டை எடுத்தாள், பூட்டினாள், "ஆரும் கிட்ட வராதீங்க" எண்டு ஒரு அதட்டுப் போட்டாள். ஐம்பது அறுபது வயசு மனிசர் எல்லாம் ரெண்டடி பின்னுக்குப் போனாங்க! சுவிச்சைப் போட்டாள். முதல் ஒரு முனகல். மறுகா ஒரு உதறல். மறுகா ஓடத் தொடங்கிட்டு!

வாடி அதிர்ந்திட்டு. ஒருத்தர் விசிலடிக்கார். என்ட மனிசன் சாரத்தால முகத்தத் துடைக்கிற மாதிரி முகத்த மறைக்கார். றஸீனா ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடிச்சு, "மகள், மற்ற ரெண்டு பிரீசரையும் நீங்கதான் மாசாமாசம் பார்க்கோணும், சொல்லிட்டன். உங்கட கடை எங்க?" எண்டு கேட்டா. "எனக்குக் கடை இல்ல ராத்தா" எண்டாள் தனுஷா. பெருமையில நெஞ்சு வெடிக்கப் பார்க்குது. ஆனா என்ட பிடிவாதம் உங்களுக்குத் தெரியாதே! நேரப் போய் விண்ணப்பத்த நீட்டி, "இதில கையெழுத்து வை" எண்டன். கையப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கை அழுக்கு அம்மா. வெள்ளிக்கிழமை பார்ப்பம்" எண்டாள்.

வெள்ளிக்கிழமை டவுனில, உறுதி எழுதுற நொத்தாரிசு கண்ணகை மேடத்திட கந்தோர். நான், மனிசன், மகள், செண்ட் மணக்க மணக்க வினாயகமூர்த்தி அண்ணன். மேடம் உறுதியை வாசிச்சுக் காட்டினா. வாசிச்சு முடிச்சுக் கண்ணாடியைக் கழட்டி, "பிள்ளைக்குச் சீதனத்துக்கு வேற வீடு இருக்கா?" எண்டு கேட்டா. "இல்ல மேடம், பட்டம்தான் சீதனம்!" எண்டு சொல்லிப் பேனையை எடுத்திட்டன்.

"அம்மா, ஒண்டு கேக்கட்டா?" எண்டாள் தனுஷா. "நாளைக்கு எனக்கொரு மாப்பிள்ளை வந்தா இந்த வீட்டத் தந்திருப்பீங்களா இல்லையா?"

"தந்திருப்பன். அதுக்கென்ன?"

"ஆரோ ஒருத்தன் வந்தாத் தருவீங்க. நான் கேட்டாத் தரமாட்டீங்களா? என்ட சீதனத்த இப்பவே எனக்குத் தாங்க. மாப்பிள்ளை பிறகு வரட்டும். வராட்டி விடட்டும்."

வினாயகமூர்த்தி அண்ணன்தான் முதல் சிரிச்சார். "மாப்பிள்ளை இல்லாமச் சீதனமா! சுவிஸிலயும் இல்லாத கூத்தடி இது!"

"வெக்கம் கெட்டவளே! சீதனத்த வாய்விட்டுக் கேக்கிறியா?" எண்டு நான் கத்தின சத்தத்துக்குப் பக்கத்துக் கந்தோர் ஆக்கள் எட்டிப் பார்த்தாங்க. அவள் அசையல்ல. "முன் மண்டபம் ரோட்டைப் பார்த்து இருக்கு. அதில கடை போடுவன். றஸீனா ராத்தாட மூண்டு பிரீசரும் எனக்குத்தான். படிக்கமாட்டன் எண்டு நான் சொல்லல்ல அம்மா. நான் எடுத்த சேட்டிபிக்கட்டுக்கு மேல மேலப் படிச்சா அதிலயும் பட்டம் வரைக்கும் போகலாம், வேலை செய்துகொண்டே போகலாம். வீட்ட வித்துப் படிச்சா, பட்டத்தக் கொண்டு எந்த வீட்டுக்கு நான் கிறுகித் திரும்பி வாற?"

இதுக்குப் பதில் சொல்ல வாயத் திறந்தன். அப்பதான் ஜெயந்தன் கதிரையை விட்டு எழும்பினார். இருபத்திரண்டு வருசத்தில வீட்டுக் கதையில ஒரு கேள்விக்கு மேல கேளாத மனிசன்!

"நான் வந்த ஆள். வீட்டப் பத்திக் கதைக்க எனக்கு உரிமை இல்ல" எண்டார். "ஆனா சுலோ, நான் வந்த அண்டைக்கு என்னட்ட வலையும் இல்ல, தோணியும் இல்ல. இவன் உழைப்பான் எண்டு நம்பித்தான் உன்ட அம்மா வீடு தந்தா. இவள் உழைக்கிறத நீ கண்ணால பார்த்திட்டாய்."

எனக்கு அடிவயித்தில இருந்து ஒரு சிரிப்புக் கிளம்பிச்சு பாருங்க! என்னத்தப் படிச்சிருந்தார் இந்த மனிசன்? எட்டாம் வகுப்பு! நீந்தத் தெரியும், பல்லக் காட்டத் தெரியும். அதுக்கே ஒரு வீடு! கையில தொழிலோட, வாசலில வேலையோட நிக்கிற என்ட பிள்ளைக்கு மட்டும் முதல் ஒருத்தன் வரோணும், இல்லாட்டி கழுத்தில ஒரு பட்டம் தொங்கோணும்! என்னைப் பின்னுக்குப் போகச் சொன்னவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சிரிக்கச் சிரிக்கவே அழுகையும் வந்திட்டு. பேனையை மேசையில வைச்சன்.

"அண்ணன், கோவிக்காதீங்க. வீடு விக்கிறதுக்கில்ல."

"அப்ப நான் இவ்வளவு தூரம் வந்ததுக்கு?"

"மத்தியானம் இறால் கறியோட சோறு தாறன், சாப்பிட்டுட்டுப் போங்க."

மேடம் புதுத் தாள் ஒண்டை எடுத்தா. விபரத்தச் சொல்லுங்க, திங்கக்கிழமை வந்து கையெழுத்து வைக்கலாம் எண்டா. "கலியாணத்துக்கு எண்டு எழுத மாப்பிள்ளை வேணும். நன்கொடை எண்டுதான் எழுதோணும். என்ன காரணத்துக்காகக் குடுக்கிறீங்க?"

"அவள் என்ட மகள். அதுதான் காரணம்."

"அன்பின் நிமித்தம் எண்டு போடுறன். நீங்க சாகும்வரைக்கும் அந்த வீட்டில இருக்கிற உரித்தையும் எழுதி வைக்கட்டா? சில தாய்மார் மகளை நம்பி வேண்டாம் எண்பாங்க."

"எழுதுங்க மேடம், கட்டாயம் எழுதுங்க! மகளை எனக்கு நம்பிக்கை. வரப்போற மருமகனைத்தான் இன்னும் தெரியா." தனுஷா விழுந்து விழுந்து சிரிச்சாள். என்ட கையப் பிடிச்சாள். உள்ளங்கை காய்ச்சுப் போய்க் கிடந்துது. அந்தக் கைய நான் விடல்ல.

மேடம் எழுதிக்கொண்டே போனா. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். மறுகா பேனையை நிப்பாட்டி, "பிள்ளைட தொழில் எண்ட இடத்தில என்ன போட? ஒண்டுமில்ல எண்டு போடட்டா?" எண்டு கேட்டா.

தனுஷா வாயத் திறக்க முந்தி நான் எழும்பி நிண்டிட்டன். வினாயகமூர்த்தி அண்ணனுக்கும் கேக்கோணும், பக்கத்துக் கந்தோருக்கும் கேக்கோணும், அந்தக் கூட்டத்தில முன் வரிசையில இருந்த அத்தனை பேருக்கும் கேக்கோணும் எண்டு கத்திச் சொன்னன்:

"மெக்கானிக்! பிரிட்ஜ், ஏசி மெக்கானிக் எண்டு போடுங்க மேடம். கொஞ்சம் பெரிய எழுத்தில போடுங்க."