செத்தவன் கையில் வைத்த கொக்கி

இப்போதெல்லாம் எவனைக் கேட்டாலும், "பொறுமையா இருங்க, சட்டம் பாத்துக்கும்" என்கிறான். பறிகொடுத்தவனுக்குத்தான் பொறுமையாம். பறித்தவனிடம் போய் எவனும் சொல்வதில்லை.

அன்று விடியும் முன்பே குடோனுக்குக் கோதுமை லாரி வந்துவிட்டது. கொக்கியைச் சாக்கில் குத்தி இழுத்து முதுகில் ஏற்றினால், சணல் தூசி தொண்டை வரை அடைக்கும். கூலியைக் குறைத்தது ஏன் என்று கேட்க, எங்களோடு மூட்டை தூக்கும் நெட்டையன் முதலாளி அறைக்குப் போனான். கொக்கியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடுதான் போனான். துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடினோம். நெட்டையன் செத்துக் கிடந்தான்.

மூட்டை தூக்குகிறவன் வேலையில் செத்தால், அவன் கொக்கியை அவன் கையில் வைத்துத்தான் நாங்கள் தூக்குவோம். நெட்டையனின் மச்சான் அழுதுகொண்டே ஆணியிலிருந்து எடுத்துவந்து விரல்களுக்குள் செருகினான். ஒருவரும் தடுக்கவில்லை. போலீஸ் வந்து அதைத்தான் படம் பிடித்தது.

"பாத்தீங்களா? கொக்கியோட பாஞ்சான். உசுரக் காப்பாத்திக்கச் சுட்டேன்" என்றான் முதலாளி. மதியமே அவனைப் போலீஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

நெட்டையன் வீட்டில் மச்சான் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

"அழுது என்னடா ஆவுது? மொதலாளி கார் போற வழி எனக்குத் தெரியும்" என்றேன்.

நெட்டையன் பொண்டாட்டி எழுந்தாள். "வேணாம் பெரியப்பா. அவன் மேல கை வெச்சா, 'அன்னைக்கு நான் பயந்தது சரிதானே'ம்பான். அவனச் சும்மா சாவ விடமாட்டேன். கொலைகாரன்னு பேர் வாங்கி, கம்பி எண்ணி, கெழவனாகிச் சாவட்டும்."

என் கோபம் அவள் கோபத்துக்கு முன்னால் சின்னப்பிள்ளையாகிவிட்டது.

மறுநாள் காலை முதலாளி குடோன் வாசலில் நின்றான். "எவனாச்சும் ஸ்டேஷன் பக்கம் போனா வேலை கெடையாது. கொக்கிய வெச்சது யாருன்னு கெளறுனா அவனும் உள்ள போவான்."

"வெச்சது நான்தான். போறேன்" என்றான் மச்சான்.

"ஆணியில தொங்குனத நான் பாத்தேன்" என்றான் எங்களோடு மூட்டை தூக்கும் கூனன்.

"நானும்."

"நானும்தான்."

"அப்ப லாரிய யாருடா எறக்குறது?"

"துப்பாக்கி இருக்குல்ல மொதலாளி? மூட்டைய மெரட்டிப் பாருங்க, தானா எறங்கும்" என்றான் கூனன்.

சிரித்துக்கொண்டே நடந்தோம். எங்களைப் பார்த்துப் பக்கத்துக் குடோன் ஆட்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனை வரை போனது. நானும் பார்த்ததைச் சொன்னேன். எழுதியதை இரண்டு தரம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கைநாட்டு வைத்தேன்.

வெளியே நெட்டையன் பொண்டாட்டி கேட்டாள்: "இப்பவாவது சட்டத்த நம்புறீங்களா பெரியப்பா?"

"இல்லம்மா. ஆனா கூப்புடு, மறுபடியும் வரேன்."

வரிசை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. நான் மடக்கிய கையை விரிக்காமலே நடந்தேன்.