ஆயிரத்து நானூறு பேருக்கு ஒரு வாக்கியம்

...காலரை உள்பக்கம்தான் முதலில் தேய்க்க வேண்டும், பிறகுதான் வெளிப்பக்கம், இது தெரியாமலே எத்தனையோ பேர் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்கள், மணி நாலு பத்து, ஐந்துக்குள் மகள் ஏதாவது ஒரு கல்லூரிக்கு ‘வருகிறேன்’ என்று பதில் அனுப்பியாக வேண்டும், சாப்பாட்டு மேசையில் மூன்று கடிதங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்திருக்கிறாள், நான் பாட்டுக்குத் தேய்க்கிறேன், நான் எதிலும் தலையிடுவதில்லை, உன் வாழ்க்கை, உன் முடிவு என்று இந்த வாரத்தில் மட்டும் ஒன்பது முறை சொல்லியாகிவிட்டது, சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பார்க்கிறேன், தலையிடாதவன் முகத்தை எதற்குப் பார்க்கிறான்? மூன்றில் ஒன்று பளபளப்புத் தாளில் வந்தது, நீச்சல்குளம், புல்வெளி, புல்வெளியில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பல் விளக்கும் விளம்பரம் மாதிரி சிரிக்கும் நாலு பேர், அதை அவள் முதல் நாளே ஓரங்கட்டிவிட்டாள், விட்டது சனி. இரண்டாவது, ரயிலில் பதினாறு மணி நேரம், அங்கேதான் பாறையும் மண்ணும் பூமியின் வயிறுமாக அவள் ஆசைப்பட்ட படிப்பு இருக்கிறது, ஆனால் கடிதம் இரண்டே வரி, ‘தங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. உறுதி செய்யவும்’, தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிறோம் என்று ஒட்டுவார்களே, அந்த மாதிரி. மூன்றாவது எங்கள் கல்லூரி, இருபத்திரண்டு வருடமாக நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கும் கல்லூரி, வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம், பாறைப் படிப்பு அங்கே கிடையாது, பொது அறிவியல் என்று ஒன்று இருக்கிறது, இரண்டாம் வருடத்தில் பாறை அதில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், தூரத்து உறவினர் கல்யாண வீட்டில் தலையைக் காட்டுவதுபோல.

“அப்பா, இதைக் கேளுங்க,” என்கிறாள், ஐந்தாவது தடவை, நான் சட்டையைத் திருப்பிப் போடுகிறேன், அவள் எங்கள் கல்லூரிக் கடிதத்தை வாசிக்கிறாள், ‘விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடாமல் எழுந்து நடந்த ஒருவரின் எழுத்து இது என்பதை உங்கள் கட்டுரையின் முதல் வரியிலேயே உணர்ந்தோம்.’ வாசித்துவிட்டு, “முதல் வரியிலேயேன்னு போட்டிருக்காங்கப்பா. பாறை எங்க வேணா கிடைக்கும். இப்படி ஒரு ஆளைப் படிச்சுப் பாக்குற இடம் கிடைக்குமா?” என்கிறாள். பத்தாம் வகுப்பில் தோற்று ஒரு வருடம் வீட்டில் இருந்தவள், மறுபடி எழுதித் தேறினாள், அதைப் பற்றி வாயைத் திறக்காதவள், முதல்முறையாக விண்ணப்பக் கட்டுரையில் அதைத்தான் எழுதினாளாம், அதற்கு இந்தப் பதில் வந்திருக்கிறதாம்... அந்த வாக்கியத்தை எழுதியவன் நான். நாலு வருடத்துக்கு முன்னால், பன் ஒன்றைக் கடித்துக்கொண்டு, மத்தியான இடைவேளையில். கல்லூரி முதல்வர் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தவர், “சார், நம்ம லெட்டர்ல இதயமே இல்லை. படிக்கிறவன் ஒவ்வொருத்தனும் இது எனக்கே எனக்குன்னு நெனைக்கணும்,” என்றார், இதயம்தானே, அரை மணியில் தருகிறேன் என்றேன், விழாதவன் எவன் இருக்கிறான், சைக்கிளிலிருந்தாவது விழுந்திருப்பான், வருடத்துக்கு ஆயிரத்து நானூறு பேருக்குப் போகிறது, போன வருடம் ஒரு அம்மா தொலைபேசியில் அழுதுவிட்டாள், எம் பையன் மாடிப்படியிலேர்ந்து விழுந்தது உங்களுக்கு எப்படி சார் தெரியும் என்று, சேர்க்கைக் கமிட்டிக்குத் தெரியாதது எதுவும் இல்லைம்மா என்றேன், அதையும் நான்தான் சொன்னேன்.

கமிட்டி! மூன்று பேர், வருடத்துக்கு ஒரு கூட்டம், அதில் முக்கால்வாசி நேரம் யார் நடு நாற்காலியில் உட்காருவது என்பதில் போய்விடும், மதிப்பெண் பட்டியலைக் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தும், கட்டுரைகள் என் அறைக்குப் பக்கத்து அறையில் இரும்பு அலமாரிக்குள் போகும், அங்கே அவற்றுக்குப் பூரண ஓய்வு. ஆனால் வீட்டில் நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு வரியையும் படிக்கிறோம், ராத்திரி பகல் பார்ப்பதில்லை, வெளியே பேசக்கூடாத சமாச்சாரம்... ‘படிக்கிறார்கள்’ என்றுகூடச் சொல்லவில்லை, ‘படிக்கிறோம்.’ அவள் கட்டுரை எழுதிய அன்று எட்டிப் பார்க்கலாம் என்று போனவன்தான், பிறகு கதவருகே நின்று, நான் பார்த்தா நடுநிலை கெட்டுடும்மா என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு வந்தேன், நீதிபதி மாதிரி. குரங்குக்கு முடி சூட்டினால் மரத்திலிருந்து இறங்காது என்பார்கள், எனக்கு யாரும் சூட்டவில்லை, நானே செய்து நானே மாட்டிக்கொண்டேன். இவள் இங்கேயே சேர்ந்தால் தினமும் ஒரே பஸ், ஒரே குடை, சாயங்காலம் இந்த மேசை, வீடு வெறிச்சோடாது, வெறிச்சோடினால் அவள் அம்மாவுக்குத்தான் கஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவள் அம்மா இதுவரை அப்படி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

அவள் அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள், வலிக்காது என்று ஒருவரிடமும் சொல்ல மாட்டாள், வலிக்கும், கொஞ்ச நேரம் என்பாள். வேலைக்குக் கிளம்பும்போது கடிதத்தை வாங்கிப் படித்தாள், இரண்டு முறை படித்தாள், என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள், “ஏங்க, கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு எழுதினீங்களே, ‘தங்கள் முதல் பார்வையிலேயே உணர்ந்தேன்’னு. அதே ஆள்தானே இது?” என்றாள். எனக்குக் காது சுட்டது. “அந்த லெட்டர் எத்தனை பேருக்குப் போச்சுன்னு நான் கேக்கலை. இதை அவகிட்ட அஞ்சு மணிக்குள்ள நீங்களே சொல்லிடுங்க,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். உனக்கு மட்டும்தான் எழுதினேன் என்று படி வரைக்கும் பின்னாலேயே போய்ச் சொன்னேன், உண்மை, அது ஒன்றாவது உண்மை.

நாலு முப்பத்தைந்து. அவள் லேப்டாப்பைத் திறந்துவிட்டாள், எங்கள் கல்லூரியின் சின்னம் திரையில் தெரிகிறது, இப்போது பேசாமல் இருந்தால் போதும், பொய்கூடச் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும், சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை, சொன்னாலோ இவள் எழுந்து நின்ற அந்த ஒரு வரியை நானே காலுக்கடியிலிருந்து உருவினது மாதிரி ஆகும், சொல்லாவிட்டால் பாறை போச்சு, நாலு வருடம் பொது அறிவியல், என்றைக்காவது ஒரு நாள் பக்கத்து இருக்கைப் பெண் தன் கடிதத்தைக் காட்டுவாள், அதே வரி, அன்றைக்குச் சாயங்காலம் ஒரே குடைக்குள் என்ன பேசுவது... இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். “அம்மாடி, அந்த வரியைக் கமிட்டி எழுதலை. நான் எழுதினது.” அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன், கத்தினால் சொல்வதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன், ஆயிரத்து நானூறு, கம்ப்யூட்டர், அலமாரி, முதல்வரின் இதயம். அவள் முகம் மலர்ந்தது, அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்து மூன்று வருடம் இருக்கும். “நீங்களாப்பா? நடுநிலை அது இதுன்னு பெரிசா அளந்துட்டு, திருட்டுத்தனமா படிச்சிட்டீங்களா? நேர்ல சொல்ல வாய் வரலைன்னு லெட்டர்ல எழுதினீங்களா?”

ஆமாம் என்று சொல்லலாம். மூன்று எழுத்து. சொன்னால் இவள் சிரித்துக்கொண்டே எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போவாள், அல்லது சிரித்துக்கொண்டே இங்கேயே இருப்பாள், இரண்டிலும் நான் நல்லவன், என் வாய் அந்த வார்த்தைக்குத் திறந்தும்விட்டது. “படிக்கலைம்மா,” என்றேன், “அது எல்லாருக்கும் போற வரி. யாருமே படிக்கிறதில்லை.” மலர்ந்தது மெல்லச் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பார்க்காமல் திரும்பிக்கொள்ளும் உரிமை எனக்கு இருக்கக்கூடாது என்று நின்றேன். அவள் லேப்டாப்பில் எதையோ தேடித் திறந்தாள், அதை என் பக்கம் திருப்பினாள். “ரெண்டு பக்கம்தான். இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு. இப்பவாவது படிங்க.” கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன், தலைப்பைத் தாண்டி முதல் வரிக்குப் போனேன், ‘நான் தோற்ற அன்று என் அப்பா தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார், மறுநாள் காலைவரை திறக்கவில்லை.’ மறுபடி படித்தேன். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டது இவள் இல்லையா, வெளியே நின்று தட்டியது நான் இல்லையா, அப்படித்தானே நான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்...