எடுத்து வைத்த ஒரே ஒரு பிரதி

ஆஸ்பத்திரி நூலகத்தை நடத்துபவளுக்கு டாக்டர்கள் வைத்த பட்டப்பெயர் 'பீரோ'. அச்சடித்த எதையும் தூக்கிப் போட மனசு வராத பிறவி.

குழந்தை தவறிப்போய்க் குழாய் அடைப்பு நீக்கும் அமிலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கச் சொன்னது பழைய துண்டுப் பிரசுரம். அப்படிச் செய்தால் தொண்டை இரண்டாம் தடவை வெந்துவிடும் என்று தலையில் அடித்துக்கொண்ட விஷ சிகிச்சை டாக்டர், பிரதிகள் எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார். பீரோ எரித்தாள். ஆவணத்துக்கென்று ஒன்றை மட்டும் எடுத்து வைத்தாள். நூலகர் புத்தி வேறெங்கே போகும்?

அந்த ஒன்றுதான் இப்போது காணோம். சமூகக் கூடத்தில் நூலகர் சங்கம் மேசை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் புதிய பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தது. அவற்றை அவள் கொண்டுவந்த உறைக்குள் பழசும் இருந்திருக்கிறது. யாரோ வாங்கிப் போய்விட்டார்கள்.

"பேர் எழுதி வாங்கியிருந்தா இப்ப தேடிப் பிடிக்கலாம்" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த சட்ட நூலகர்.

"எழுதினா ஜனங்க கேக்கவே கூச்சப்படுவாங்க, வேணாம்னு சண்டை போட்டதே நான்தான் சார்."

மேடையில் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் பேசி முடித்திருந்தார். ஓடிப்போய்க் காதோடு காதாகச் சொன்னாள். அவர் முகம் கறுத்தது.

"மைக்ல சொல்லி ஆஸ்பத்திரி மானத்தை வாங்காதம்மா. நாளைக்குச் சத்தமில்லாம பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள ஒரு குழந்தை குடிச்சிட்டா?"

மைக்கை வாங்கினாள். பிடுங்கினாள் என்பதே சரி.

"நான் குடுத்ததுல ஒரு பேப்பர் தப்பு. என் தப்பு. வாந்தி எடுக்க வைக்கணும்னு போட்டிருந்தா அதைச் செய்யாதீங்க."

கூடம் கொந்தளித்தது. "அப்ப எதைத்தான் நம்பறது?" என்று ஒருவர் கத்த, நல்ல பிரசுரங்களும் மேசைக்கே திரும்பி வந்து விழுந்தன. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் புதுசு.

கடைசியில் ஒரு தச்சர் எழுந்தார். "என் வீட்டுக்காரி ஒண்ணு வாங்கிட்டு அப்பவே போயிட்டா." ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஆமா, வாந்தி எடுக்க வைக்கணும்னுதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். "சமையலறைச் சுவத்துல ஒட்டிட்டேன்."

பீரோவுக்கு உயிரே போய்த் திரும்பியது. "கிழிச்சிடுங்கம்மா. குழந்தை ஆசிட் குடிச்சிட்டா வாயைக் கொப்பளிக்க வெச்சு, நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துடுங்க. வாந்தி மட்டும் வேணாம்."

"நீங்கதானே இதையும் குடுத்தீங்க? இப்ப சொல்றதையும் நாளைக்கு மாத்துவீங்களா?"

மாற்ற மாட்டோம் என்று சொல்லச் சொல்லிக் கண்காணிப்பாளர் கண்ஜாடை காட்டினார்.

"மாறலாம்மா" என்றாள் பீரோ. "மாறினா நானே உங்க வீட்டுக்கு வந்து சொல்றேன்."

ஃபோனில், சுவரிலிருந்து காகிதம் பிய்கிற சத்தம் கேட்டது.