மூட்டுவலி என்று சொன்ன வீடு

"மூட்டுவலின்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்த வாயிலேர்ந்து வரக்கூடாது!" என்று அப்பாவின் கையிலிருந்த அரசு காப்பீட்டு அட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான் பாலகணேஷ். தங்கை தாரணியைப் பெண் பார்க்க வந்தவர்கள் படியேறும் சத்தம் கேட்டது.

அப்பா ராஜரத்தினம் தி.நகர் துணிக்கடையில் காலமெல்லாம் நின்றே உழைத்த மனிதர். மனைவி போனதிலிருந்து தூக்கமில்லை, சோறு இறங்குவதில்லை. போன வாரம் மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் வரும் நேரம் பிளாட்பார விளிம்பில் போய் நின்றுவிட்டார். பூக்காரி ஒருத்தி சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். "கொஞ்ச நாள் இங்க சேர்ந்து வைத்தியம் பாருங்கய்யா, செலவக் காப்பீடு பாத்துக்கும்" என்றாள் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா. அட்டையில் மனநோய் என்று ஏறினால் தாரணியை எவன் கட்டுவான் என்று மகன் குதித்தான். இதே அட்டையில் அவர் நெஞ்சடைப்புக்கு ஸ்டென்ட் வைத்ததைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன்தான் அவன். அன்றைக்கு ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வீடு நிறைந்தது. நெஞ்சு கெட்டால் மரியாதை, மனசு கெட்டால் மானக்கேடு, நல்ல நியாயம்!

"அண்ணாச்சி ஏன் இப்படி வாடிப்போய் இருக்காக?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் தாய் சீதா.

"மூட்டுவலி," என்று முந்திக்கொண்டான் பாலகணேஷ்.

ராஜரத்தினம் மகனைக் கையமர்த்தினார். "மூட்டுல ஒண்ணுமில்லம்மா. மனசுதான் சரியில்ல. ஆஸ்பத்திரில சேரச் சொல்லிருக்காங்க."

கேசரித் தட்டுகள் கீழே இறங்கின. அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். கை கழுவும் சாக்கில் சீதாவும் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணாச்சி, அது எந்த ஆஸ்பத்திரி?" என்று குரலைத் தாழ்த்தினாள். "எங்க மாமியாருக்கு ரொம்ப நாளாப் புத்தி சரியில்ல. ஊர்ல இருக்காகன்னு சொல்லிட்டு உள் ரூம்ல வச்சுப் பூட்டிருக்கோம். அட்டைல பாப்பாங்களா? வெளிய தெரியாதுல்லா?"

பாவம் என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவள் கைபேசியில் குறித்துக்கொண்டாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள்போலக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் தரகர் போன் பண்ணினார். "அந்தம்மா வேணாம்னுட்டாங்க தம்பி. பைத்தியம் இருக்கற குடும்பத்துல பொண்ணெடுத்தா, நாளைக்கு எங்க பேரப்புள்ளைங்களுக்கும் வராதான்னு கேக்கறாங்க."

பாலகணேஷ் போனைக் கட்டிலில் விட்டெறிந்தான். "திருப்தியாப்பா? தங்கச்சி வாழ்க்கையக் கெடுத்தாச்சு!"

"அந்தம்மாவ மொதல்ல அவங்க வீட்டு உள் ரூமத் தொறக்கச் சொல்லுடா," என்றார் ராஜரத்தினம். இத்தனை கோபம் தனக்குள் மிச்சமிருந்தது அவருக்கே தெரியாது.

பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் தாரணி அண்ணனுக்கு எதிரே வந்து நின்று கையை நீட்டினாள்.

"எனக்கு மாப்பிள்ள வராதுன்னுதானே மறைச்ச? அதான் வரலையே. அப்பா அட்டையக் குடு."