என் மனைவி இறங்க மறுத்த கப்பல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. காலையில் வேலைக்குப் போன என் மனைவி வீடு திரும்பாததால் கிடைத்தது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை; இந்த வரியை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘கொந்தளிக்கும் கடலின் நடுவே ஒரு —’

தோளுக்குப் பின்னால் நின்று படித்த என் மனைவி, “கடல் அன்னைக்கு சும்மாதானே கிடந்துச்சு,” என்றாள். அடித்துவிட்டேன். அடுத்து:

‘மனிதகுலத்தின் மனசாட்சியை உலுக்கிய —’

இதற்கு அவள் சிரித்தாள். அதையும் அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். என் மனைவி பைலட். விமானமெல்லாம் இல்லை, துறைமுகத்தில். கப்பல் வந்தால் சிறு படகில் எதிரே போய், கயிற்றேணியில் தொற்றி ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று, பாறை எங்கே, மணல்திட்டு எங்கே என்று சொல்லி உள்ளே கூட்டிவருவாள். வெளியே கொண்டுபோய் விடுவதும் அவள்தான். பைலட் இல்லாமல் எங்கள் துறைமுக எல்லைக்குள் எந்தக் கப்பலும் நகரக் கூடாது.

2

அன்று எல்லைக்குள் நின்றிருந்தது சிமெண்ட் ஏற்றிய ஒரு சரக்குக் கப்பல். வழியில் மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து அது ஆட்களைத் தூக்கியிருந்தது. தங்கள் அண்டை நாட்டுப் படை பிடித்து வைத்திருக்கும் ஒரு நகரத்தின் குடும்பங்கள். மேல்தளத்தில் தார்ப்பாயைக் கட்டி, அதன் நிழலில் கிடந்தார்கள்.

இவர்கள் யார் பொறுப்பு? முதல் நாடு, “எங்கள் கடலில் மூழ்கவில்லை” என்றது. இரண்டாவது நாடு, “கப்பலில் பறப்பது எங்கள் கொடி அல்ல” என்றது. எங்கள் நாடு, ஆழ்ந்த கவலை தெரிவித்தது. மூன்று பேரும் கைகழுவிய தண்ணீரைக் கப்பலுக்கு அனுப்பியிருந்தாலே அங்கே பாதித் தாகம் தீர்ந்திருக்கும்.

[இந்தக் கடைசி வரி கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். மனமில்லை.]

பிறகு துறைமுகத்துக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: கப்பலை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடவும். எல்லையைத் தாண்டிவிட்டால் அது எங்கள் தலைவலி இல்லை.

அந்த வேலைக்குப் போனவள்தான் என் மனைவி. ஆம், அவர்களைத் துரத்தப் போனாள். அவளைத் தொடக்கத்திலிருந்தே தியாகியாக எழுதிப் பார்த்தேன். “பொய் எழுதாதீங்க. டியூட்டின்னு சொன்னாங்க, கிளம்பினேன்,” என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

3

ஏணியின் உச்சியில் அவளுக்குக் கைகொடுத்துத் தூக்கியது ஒரு பெண். ஊரில் பல் டாக்டராம். கப்பலில் எல்லாருக்கும் அவள் ‘டாக்டரம்மா’ ஆகியிருந்தாள். பல்லைத் தவிர மற்ற எல்லா நோவையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

(அவர்கள் எந்த மொழியில் பேசினார்கள் என்று கேட்காதீர்கள். ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்த ஒரு பொதுமொழி, மீதிக்குக் கை ஜாடை. நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.)

“உள்ள கூட்டிட்டுப் போக வந்தீங்களா?”

என் மனைவி கேப்டன் இருக்கும் மாடிக்குப் படியேறினாள். பின்னாலேயே அந்தப் பெண்ணும் ஏறினாள்.

“அப்போ வெளியவா?”

“எனக்கு வந்த உத்தரவு அதுதாங்க.”

“சரி. எங்க ஊருக்கும் நிறைய பேர் வந்தாங்க. கேமராவோட வந்தாங்க, கோட்டு போட்டுட்டு வந்தாங்க. பாத்தாங்க, தலைய ஆட்டினாங்க, போயிட்டாங்க. உங்களத் திட்டல. நீங்களும் எல்லைவரைக்கும் வந்துட்டு, இறங்கிப் போயிடுவீங்க. அவ்வளவுதான?”

அதில் கோபமே இல்லை என்கிறாள் என் மனைவி. பேருந்து நேரம் விசாரிப்பது போலக் கேட்டாளாம். அதுதான் தாங்க முடியவில்லையாம்.

கேப்டன் எஞ்சினை முடுக்கக் காத்திருந்தார். என் மனைவி ஒயர்லெஸ்ஸை எடுத்தாள்.

“நான் கப்பல வெளிய கொண்டுபோகல. இறங்கவும் மாட்டேன். உள்ள வர அனுமதி குடுங்க, உடனே கிளம்பிடலாம்.”

வேறு பைலட்டை அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அனுப்பினார்கள்! அவளுக்கு மூத்த ஒருவர். படகில் நின்றபடி ஏணியை அண்ணாந்து பார்த்தார். மேலே வரிசையாக எட்டிப் பார்த்த முகங்களையும் பார்த்தார். பிறகு, “எனக்கு முழங்கால் வலிம்மா, ஏற முடியாது,” என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாள் அவர் இன்னொரு கப்பலில் குடுகுடுவென்று ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு.

4

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. உலக நாடுகள் அமைப்பிலிருந்து ஒரு தூதர் வந்திருந்தார். துறைமுக அலுவலகத்தின் கூட்ட அறையில், திரையில் தெரிந்த நாடுகளோடு காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். அவரை வில்லனாக்கிவிட்டால் கதை ஜம்மென்று ஓடும். மடிப்புக் கலையாத சட்டை, தங்கப் பேனா —

இல்லை. பிறகு நானே பார்த்தேன். சட்டையில் காபி கொட்டியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது. ‘உலக அமைப்பு’ என்று நாம் சொல்வது அந்த நேரத்தில் அந்த ஒரு மனிதர்தான். கேட்கலாம், கெஞ்சலாம், உத்தரவு போட முடியாது. ஆனால் என் மனைவி சொன்னது ஒலிபெருக்கியில் வந்ததும் அவர் துள்ளி எழுந்துவிட்டாராம். கண்ணில் அப்படியொரு பளபளப்பாம்!

“ஐயா, இப்போ கப்பல்ல உங்க குடிமகள் ஒருத்தர் இருக்காங்க,” என்றாராம், அறையில் இருந்த எங்கள் அமைச்சரைப் பார்த்து. “இன்னமும் இது உங்க பொறுப்பு இல்லையா?”

5

நான் அங்கே எப்படி வந்தேன்? துறைமுகத் தலைவர் காரை அனுப்பிக் கூட்டிவந்தார். “சார், உங்க வீட்டம்மா நாங்க சொன்னா கேக்கல. நீங்க சொல்லுங்க. வேலையே போயிடும்,” என்று ஒலிவாங்கியை என் கையில் திணித்தார். எதிரே எங்கள் அமைச்சர். திரையில் வெளிநாட்டு முகங்கள். அறையே என் வாயைப் பார்த்தது.

நான் என்ன சொன்னேன் என்பதை மூன்று விதமாக எழுதியிருக்கிறேன்.

‘“இறங்காதே! வரலாறு உன்னை —”’ இதை அடித்துவிட்டேன்.

‘“பேசாம வந்துடு, நமக்கெதுக்கு —”’ இதைச் சொல்லிவிடுவேனோ என்று காரில் வரும்போது பயந்தேன். இதையும் அடித்துவிட்டேன்.

சொன்னது இது:

“சாப்பிட்டியா?”

சத்தியமாக வேறெதுவும் வரவில்லை. ஒரு கணம் இரைச்சல். பிறகு ஒலிபெருக்கியில் அவள் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது.

“இல்லங்க. இங்க குழந்தைங்களுக்கே தண்ணிய பாட்டில் மூடியில ஊத்திக் குடுக்கறாங்க. நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவேன்? நீங்க சாப்பிடுங்க, ஃபிரிட்ஜ்ல இருக்கு.”

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே, ஃபிரிட்ஜையும் விடாமல், எல்லா நாடுகளுக்கும் சொன்னார். தூதர் அந்த நொடியைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். “யார் எத்தனை பேர எடுத்துக்குவீங்க? ‘யாராவது’ன்னு சொல்லாதீங்க. ‘நாங்க’ன்னு ஆரம்பிங்க.”

முதலில் பேசியது அந்த மூன்று நாடுகளில் ஒன்று அல்ல. திரையின் மூலையில், படம் விட்டுவிட்டு வந்த ஒரு குட்டி நாடு. “எங்ககிட்ட இடம் கம்மி. ஆனாலும் நாங்க பத்துக் குடும்பத்த எடுத்துக்கறோம்.” ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே! அடுத்த நாடு தொண்டையைச் செருமியது. அதற்கடுத்தது செருமியது. கடைசியில் எங்கள் அமைச்சர், “சரி... நாங்களும். முதல்ல அந்தக் கப்பல உள்ள கொண்டுவாங்க,” என்றார்.

கொண்டுவந்தாள்! வெயில் சாயும் நேரம், இரண்டு இழுவைப் படகுகள் கூடவே ஊளையிட, என் மனைவி அந்தக் கப்பலைத் துறைமுக மேடையோடு உரசாமல் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் கூட்டத்தில் நின்று பைத்தியக்காரன் மாதிரி கைதட்டினேன். தூதரும் தட்டினார்.

6

இங்கே முடித்தால் நல்ல கதை. ஆனால் முடியவில்லை.

என் மனைவியை இடைநீக்கம் செய்திருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது. அதனால்தான் வீட்டில் இருந்துகொண்டு என் வரிகளைத் திருத்துகிறாள். குடும்பங்கள் சொன்னபடி நாடுகளுக்குப் பிரிந்து போயின. டாக்டரம்மா எங்கள் நகரத்துப் பங்கில் வந்தாள். ஒரு பல் மருத்துவமனையில் இப்போதைக்கு உதவியாளர் வேலை. மகளோடு வாடகைக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

எங்களோடு சாப்பிட வந்தபோது, “சீக்கிரம் நல்ல வீடாக் கிடைக்கும்,” என்றேன்.

“எனக்கு வீடு இருக்குங்க,” என்றாள். “மொட்டை மாடியிலருந்து பாத்தா ஆறு தெரியும். இப்போ அதுல ஒரு ராணுவ அதிகாரி குடியிருக்கான்.”

தூதர் அது விஷயமாகத்தான் அந்த நகரத்தை ஆக்கிரமித்த நாட்டுக்குப் போயிருக்கிறார். ‘படைகள் பின்வாங்கின’ என்று எழுத ஆசை. எழுதினால் பொய். ‘எதுவும் மாறவில்லை’ என்று எழுதினால் அதுவும் பொய். அன்று மேடையில் இறங்கி நடந்தவர்களை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். தட்டிக் கழிக்கவில்லை, இனி நடக்கவேண்டியது உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டு மாடி காலி என்று கேள்விப்பட்டு, டாக்டரம்மாவும் மகளும் இன்று காலை கிளம்பியிருக்கிறார்கள். விலாசத்தை என் மனைவிதான் கொடுத்தாள். மகள் தலைவாரிப் பின்னியிருக்கிறாள். தெருமுனையில் இரண்டு பேரிடம் வழி கேட்டுவிட்டார்கள்.

அழைப்பு மணி அடிக்கிறது. புத்தகத்தைக் கீழே வையுங்கள்.