அவ்வாத் தேடிய வாசல்

முப்பத்தொரு வருஷமாக அந்த அகழாய்வு மேட்டில் எல்லோரும் தேடியது கிழக்கு வாசலைத்தான். மேட்டுக்கு அடியில் புதைந்திருந்தது வேதாகமத்தில் பெயர் வரும் ஊர். மதில் கிடைத்தது, தானியக் குழி கிடைத்தது, அரண்மனைச் சாக்கடைகூடக் கிடைத்தது. வாசல் மட்டும் கண்ணாமூச்சி காட்டியது. எல்லோரும் அபூ ஸக்ர் என்று கூப்பிடும் மேஸ்திரி அவ்வாத்துக்கு அது தீராத ஏக்கம். சுடாத செங்கல்லும் சுற்றியுள்ள மண்ணும் ஒரே நிறம். பிரித்துச் சொல்ல ஜோர்டான் பள்ளத்தாக்கிலேயே அவரை விட்டால் ஆளில்லை. அந்த வாசலுக்குள் ஒருமுறை நடந்துவிட்டுத்தான் வேலையை விடுவேன் என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கே சலித்துவிட்டது.

"உங்களைப் பார்த்துப் பயந்து ஓடிட்டுது போல, அபூ ஸக்ர்" என்று காலைத் தேநீரில் சீண்டினார் அகழாய்வு இயக்குநர் நுஹா.

"எங்க போயிடும் டாக்டர்? வாசல்னா ஒரு இடத்துலதானே நிக்கணும்."

"நான் மாணவியா வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க."

அன்று புகைப்படம் எடுப்பதற்காகப் பழைய பள்ளம் ஒன்றைச் சுத்தம் செய்தார் அவ்வாத். இருபது வயதில், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவரே வெட்டியது. 'ஒன்றுமில்லை' என்று எழுதி அப்போதே கைவிட்டிருந்தார்கள். பக்கச் சுவரில் தண்ணீர் தெளித்தார். நனைந்தால்தான் செங்கல் வரிசை தெரியும். தெரிந்தது. மேலே போகப் போகச் செங்கற்கள் உள்நோக்கிச் சாய்ந்தன. எதிர்ப்பக்கமும் தெளித்தார். அங்கேயும் அப்படியே. வாசலின் வளைவு தொடங்கும் இடம் இரண்டு பக்கமும் இருந்தது, நடுவில் வளைவு இல்லை. அதைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டியது அவர்தான்.

கால் மணி நேரத்தில் சுவர் வெயிலில் காய்ந்து வரிசை மறைந்துவிடும். வாயை மூடிக்கொண்டால் பேர் கெடாது. ஆனால் இத்தனை காலம் ஏங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு மறைக்க மனம் வரவில்லை. நுஹாவைக் கூப்பிட்டார்.

"நான்தான் வெட்டினேன் டாக்டர். வெறும் மண்ணுன்னு நினைச்சுட்டேன்."

நுஹா தரையில் உட்கார்ந்து நோட்டை விரித்தார்.

"அதை முழுசா பார்த்த ஆள் இந்த உலகத்துல நீங்க ஒருத்தர்தான். எப்படி இருந்துச்சு, சொல்லுங்க. எவ்வளவு உயரம்? சுண்ணாம்பு பூசியிருந்தாங்களா?"

கேட்ட குரலில் கோபமில்லை, ஆசைதான் இருந்தது. அதுதான் அவரைக் கொன்றது. கண்ணை மூடி என்னென்னவோ முயன்றார். அந்த மாதம் அவருக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மண் லேசாக விட்டுக்கொடுத்ததும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோஷப்பட்டதும் மட்டும்தான் நினைவிருந்தது.